தென்பெண்ணைக் கரையில் மூவர்

கோடை விடுமுறை என்றதும் நம் நெஞ்சம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பறந்துவிடுகிறது. மலையின் குளிர்ச்சியை நாடுவதில் தவறில்லை. ஆனால், கிழமைக்கு ஒரு நாளே ஓய்வு பெற்று, மற்ற நாளெல்லாம் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைக்கும் குடும்பத்தார்க்கு அம்மலைகள் பெரும்பாலும் நாட்காட்டிப் படங்களாகவே நின்றுவிடுகின்றன. போவதற்கு ஒரு நாள், வருவதற்கு ஒரு நாள். கையிலுள்ள பணமோ வழியிலேயே கரைந்துவிடும். அங்ஙனமாயின் அத்தகையோர்க்குக் கோடை உலா எட்டாக் கனிதானா? இல்லை என்பதே என் விடை. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவிலேயே காணத்தக்கவை பல உண்டு. அவற்றுள் சிலவற்றைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களுடன் இன்று பேச விரும்புகிறேன்.

நான் வாழும் ஊர் ஓசூர். கன்னட மொழியில் 'புதிய ஊர்' என்பது இப்பெயரின் பொருள். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இது அமைந்துள்ளது. ஆயிரம் மீட்டர் மேலே சென்றால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று நிலநூலார் கூறுவர். ஆதலால் சமவெளி கொதிக்கும் சித்திரை வைகாசியிலும் இங்கு மாலைக் காற்று சற்றே இரக்கம் காட்டும். கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. வடக்கே நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு அமைந்தபின், பாரவண்டி செய்யும் ஆலையும், இருசக்கர வண்டி செய்யும் ஆலையும், கைக்கடிகாரம் செய்யும் ஆலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆலைகளோடு பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்றன.

இவ்வாறு வந்தவர்களுள் பலர்க்கு ஓசூர் என்பது ஆலை வாயிலும், வாடகை வீடும், பேருந்து நிலையமும் மட்டுமே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் 'ஊருக்குப் போகிறேன்' என்பார்கள். பத்தாண்டு வாழ்ந்த இடம் ஊர் ஆகவில்லை. விட்டு வந்த இடமே ஊராக இருக்கிறது. தாம் வாழும் மண்ணை அறியாதவர் அதற்குத் தீங்கு வரும்போது வருந்தவும் மாட்டார். கோடை உலா வெறும் பொழுதுபோக்கு அன்று என நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

சென்ற கோடையில் நாங்கள் மூவர் ஞாயிறுதோறும் உலாச் செல்வதென முடிவு செய்தோம். ஒருவர் என் வாழ்க்கைத் துணைவி. அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுபவர். மற்றவர் என் நண்பர். ஆலையில் கடைசல் எந்திரத்தில் இரும்பைக் கடைபவர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் கன்னடமும் பேசுபவர். உலாவுக்கு மூவர் என்பது நல்ல எண்ணிக்கை. கணவனும் மனைவியும் மட்டும் சென்றால் வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் வண்டியில் ஏறி உடன் வந்துவிடும். நண்பர் ஒருவர் இருந்தால் பேச்சு வீட்டை விட்டு வெளியே வரும். நண்பர்கள் இருவர் மட்டும் சென்றால் ஆலைப் பேச்சும் அரசியலுமே மிஞ்சும். துணைவி உடன் இருந்தால் கண்ணில் படுவதைப் பற்றிய கேள்விகள் பிறக்கும். இங்ஙனம் மூவரும் ஒருவர்க்கொருவர் திருத்தமாக அமைவர்.

புறப்படுமுன் ஒரு விதி வகுத்தோம். பல இல்லங்களில் உலா நாள் எனின் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டும். திரும்பி வந்தபின் பாத்திரம் துலக்க வேண்டும். மற்றவர்க்கு ஓய்வு நாள். அவர்க்கு இரட்டை வேலை நாள். இது நீதியன்று. எனவே ஒரு ஞாயிறு புளிச்சோறு என் பொறுப்பு. அடுத்த ஞாயிறு தயிர்ச்சோறு நண்பர் பொறுப்பு. மூன்றாம் ஞாயிறு துணைவியின் முறை. நண்பரின் தயிர்ச்சோற்றில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. "அண்ணா, கடைசல் எந்திரத்தில் அளவு பிசகாத கை அடுக்களையில் பிசகலாமா?" என்று துணைவி கேட்டார். "அம்மா, அங்கே அளவுகோல் இருக்கிறது, இங்கே நாக்குத்தானே இருக்கிறது!" என்றார் அவர். பசித்திருந்த நாங்கள் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கவில்லை.

எங்கள் உலாவுக்கு வழிகாட்டியாகத் தென்பெண்ணையாற்றைக் கொண்டோம். கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாற்றை அங்கே தட்சிண பினாகினி என்பர். ஓசூர் வட்டத்தில் தமிழகத்துள் புகுந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து, சாத்தனூர் அணையில் தேங்கி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரை சென்ற நம் முன்னோர் ஆற்றையே உலாத்தலமாகக் கொண்டவர்கள்தாம்.

முதல் ஞாயிறு தொரப்பள்ளிக்குச் சென்றோம். ஓசூருக்கு அண்மையில் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த இல்லம் இன்று நினைவு இல்லமாக விளங்குகிறது. இருமுறை சென்னை மாநிலத்தின் ஆட்சித் தலைமையையும், 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியையும் வகித்தவர் பிறந்த இடம் இத்துணை எளிய வீடா என வியந்து நின்றோம்.

அங்கிருந்து கெலவரப்பள்ளி அணைக்குச் சென்றோம். முந்தின நாள்களில் கோடை மழை பெய்திருந்தது. மதகிலிருந்து விழுந்த நீர் வெண்பஞ்சுப் பொதிபோல் நுரைத்துக் கிடந்தது. முதற்பார்வைக்கு அழகாகவே தோன்றும். அருகில் சென்றால் மூக்கு உண்மையைச் சொல்லிவிடும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் மிகைநீர் இவ்வாற்றில் வந்து கலக்கிறது. வீட்டுக் கழிவுநீரும், ஆலைக் கழிவும், துணி வெளுக்கும் தூளின் எச்சமும் அதனுடன் வருகின்றன. சவர்க்காரப் பொருளின் நுண்துகளுக்கு ஒரு முனை நீரை நாடும். மறு முனை நீரை விலக்கும். அதனால் நீர்ப்பரப்பின் இழுவிசை தளர்கிறது. அந்நீர் மதகிலிருந்து விசையுடன் விழும்போது காற்று உள்ளே சிக்கி, உடையாத நுரையாக மலையெனக் குவிகிறது. ஓடும் நீரில் இயல்பாகத் தோன்றும் நுரை விரைவில் மறையும். இந்நுரையோ காற்றில் பறந்து வயலிலும் சாலையிலும் விழும்.

"பெங்களூர்க்காரர்கள் இப்படிச் செய்துவிட்டார்களே!" என்று நான் சினந்தேன். துணைவி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நம் வீட்டுக் குளியலறை நீர் எங்கே போகிறது?" என்று கேட்டார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். அக்கேள்விக்கு அன்று எங்களிடம் விடையில்லை. அடுத்த ஞாயிறு விடை கிடைத்தது.

இரண்டாம் ஞாயிறு கிருஷ்ணகிரி. காலை வெயில் ஏறுமுன் சையத் பாஷா மலைமேல் உள்ள கோட்டைக்கு ஏறினோம். இந்நிலப் பகுதிக்குப் பாரமகால் என்று பழம்பெயர். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு எனப் பொருள் கூறுவர். 1791-ஆம் ஆண்டு கம்பெனிப் படை மலையடியிலிருந்த பேட்டையைப் பிடித்தும், மேற்கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கம்பெனிக்குச் சென்றது. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ, ரீட் என்பாரின் கீழ் நிலவரி முறையைக் கற்றதும் இம்மண்ணிலேதான். ஓசூர்ப் பகுதியோ 1799-இல் திப்பு வீழ்ந்தபின்னரே கம்பெனியின் கைக்கு வந்தது. இன்று ஒரே மாவட்டமாக உள்ள இரண்டு ஊர்களும் ஏழாண்டு இடைவெளியில் ஆட்சி மாறியவை. இம்மாவட்டமும் 2004-ஆம் ஆண்டுதான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. எல்லைகள் மாந்தர் வரைபவை; ஆறு அவற்றைக் கேட்டு ஓடுவதில்லை.

நண்பகலில் கிருஷ்ணகிரி அணைக்குச் சென்றோம். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1957-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அணை இது. 52 அடி நீர் தேக்கி, ஏறத்தாழ 9,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. அறுபதாண்டு உழைத்த மதகுக் கதவுகளுள் ஒன்று 2017 நவம்பரில் உடைந்தது. பின்னர்ப் புதிய கதவுகள் பொருத்தப்பெற்றன. இரும்பை அறிந்த நண்பர் அக்கதவுகளை நெடுநேரம் நோக்கி, "துரு உறங்குவதே இல்லை. நாம் உறங்கினால் அது வென்றுவிடும்" என்றார். அணைப் பூங்காவின் நிழலில் அமர்ந்து சோறு உண்டோம். வரும் வழியில் கிளிமூக்கு மாங்காய் வண்டி வண்டியாகக் கூழ் ஆலைகளுக்குச் செல்வதைக் கண்டோம். கோடைதோறும் கிருஷ்ணகிரியில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியையும் நீங்கள் ஒருமுறை காணவேண்டும்.

அணைக்கரையில் நின்றபோதுதான் துணைவியின் கேள்விக்கு விடை தெளிந்தது. ஓசூருக்குக் கீழே கிருஷ்ணகிரி இருக்கிறது. ஓசூரிலிருந்து ஆற்றில் சேரும் அழுக்கு, கிருஷ்ணகிரி உழவரின் வயலை நோக்கியே செல்கிறது. பெங்களூர் ஓசூருக்கு எதுவோ, ஓசூர் கிருஷ்ணகிரிக்கு அது. கிருஷ்ணகிரி அதன் கீழுள்ள ஊர்களுக்கு அது. மேலூரானைப் பழிக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆயின், கீழூரான் நம்மைப் பழிக்காதபடி நடக்கும் கடமையும் நமக்கு உண்டு. நூல் பல படித்திருந்தால் இவ்வுண்மையைச் சொற்களாக அறிந்திருப்போம். ஆற்றின் இரு முனைகளில் நின்று கண்டதனால் அதை எங்கள் கடமையாக அறிந்தோம்.

மூன்றாம் ஞாயிறு ஆற்றை விட்டுச் சூளகிரிப் பக்கத்திலுள்ள மல்லச்சந்திரம் சென்றோம். பாறைக் குன்றின்மேல் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்து அமைத்த ஈமச் சின்னங்கள் அவை. இத்தகையவற்றைப் பாண்டவர் வீடு என மக்கள் பல இடங்களில் வழங்குவர். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளை அறிவியல் முறையில் ஆராய்ந்து, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு இரும்பு வழங்கியது என 2022-ஆம் ஆண்டு அறிவித்தனர். இதை நான் சொன்னபோது நண்பரின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நான் இந்த ஊருக்குப் புதியவன் அல்லன். என் தொழில் எனக்கு முன்பே இங்கு வந்து காத்திருந்திருக்கிறது" என்றார். பிழைக்க வந்த இடம் அன்று அவர்க்குச் சொந்த ஊராயிற்று.

மாணவ நண்பர்களே, நீங்களும் நெருங்கிய இருவரை அழைத்துக்கொண்டு இத்தகைய உலா செல்லலாம். சில எச்சரிக்கைகளை மட்டும் மறவாதீர்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். அணையிலும் ஆற்றிலும் குளிக்க இறங்காதீர்கள். மதகு எப்போது திறக்கும் என்பதை நீர்ப்பரப்பு முன்கூட்டிச் சொல்லாது. தளி, அஞ்செட்டி ஆகிய பக்கங்களில் காவிரி வடக்குக் காட்டுயிர்ப் புகலிடம் உள்ளது. யானைகள் நடமாடும் அவ்வழிகளில் பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். கற்திட்டைகளின்மேல் ஏறாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். கொண்டுசென்ற ஞெகிழிப் பையை வீட்டிற்கே கொண்டுவாருங்கள். ஒரு சிறு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். கண்டதை எழுதுங்கள், விளங்காததைக் கேள்வியாக எழுதுங்கள். கேள்விகளே உலாவின் சிறந்த விளைச்சல்.

உங்கள் ஊருக்கும் ஓர் ஆறோ ஏரியோ இருக்கும். அதன் நீர் எங்கிருந்து வருகிறது, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்னும் இவ்விரண்டையும் இக்கோடை முடிவதற்குள் நேரில் சென்று அறிந்துகொள்ளுங்கள். அறிந்ததை உங்கள் பள்ளியில் சொல்லுங்கள். ஊராட்சியிலும் நகராட்சியிலும் உரியவரிடம் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். தென்பெண்ணை தெளிந்து ஓடும் நாள் ஒரே நாளில் வாராது. ஆயினும், அதைத் தம் ஆறு என எண்ணுவோரின் தொகை பெருகப் பெருக அந்நாள் அண்மையில் வரும்.