அளந்து கொடுத்தவர் யார்?



ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள் தள்ளாடுகின்றன. காரணம் அரசு கொடுக்கும் பணம் போதாததா, அவர்களுடைய நிர்வாகக் குறையா? இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா வந்தாங்க. “அரசு கொடுக்குது, இவங்களுக்கு நடத்தத் தெரியல”ன்னு ஒரே போடாப் போட்டுட்டுப் போயிட்டாங்க.

ஐயா, ஒரு நாள் நான் பத்துப் பேரை விருந்துக்குக் கூப்பிட்டேன். ஆறு பேருக்குத்தான் சாமான் வாங்கிக் கொடுத்தேன். ஏழாவது இலைக்குக் கூட்டு இல்லை. வந்தவங்க யாரைக் குறை சொன்னாங்க? “அம்மாவுக்கு அளவு தெரியல”ன்னாங்க! (சிரிப்பு) நானும் சேர்ந்து தலையை ஆட்டினேன். (பலத்த சிரிப்பு) கடைசியில் பட்டினி கிடந்தது யார்? சமைத்தவள்!

இப்போ கணக்குக்கு வருவோம். இந்த இல்லங்களில் ஒரு பிள்ளையைப் பராமரிக்க, 2009-இல் வந்த திட்டத்தில் மாதம் 750 ரூபாய். 2022-இல் வந்த ‘மிஷன் வாத்சல்யா’ விதிமுறையில் 3,000 ரூபாய். உயர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாளுக்கு என்ன ஆச்சு? நூறு ரூபாய். அதுக்குள்ளே மூணு வேளைச் சோறு, துணி, சோப்பு, எண்ணெய் எல்லாம். எதிரணி அம்மாவிடம் நூறு ரூபாய் கொடுக்கிறேன். அவங்க பையனை ஒரு நாள் சமாளிச்சுக் காட்டட்டும்! (கைதட்டல்)

அந்தப் பணமாவது நேரத்துக்கு வருதா? முதல் தவணைக்குக் கணக்குக் கொடுத்தால்தான் அடுத்த தவணை. கணக்கு மேசை மேசையாய் நகரும். பிள்ளைங்க வயிறு காத்திருக்குமா? எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் அரிசி எப்படி வருதுன்னு கேட்டேன். மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டைக் காட்டினாங்க. அங்கே நிதியமைச்சர் அண்ணாச்சிதான்! (சிரிப்பு)

போலி நிறுவனங்கள் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. பிள்ளைகள் பெயரில் திருடுகிறவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள். ஆனால் நேர்மையாக நடத்துகிறவருக்கும் பணம் பத்தவில்லையே, அதற்கு என்ன பதில்?

இன்னும் ஒன்று. அதே 2022 விதிமுறையில், இரவுக் காவலும் பார்க்கிற உதவியாளருக்கு மாதச் சம்பளம் 7,944 ரூபாய். முப்பது நாளுக்கு வகுத்தால் 265 ரூபாய்கூட வரவில்லை. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாய்! ராத்திரி ஒரு பிள்ளை காய்ச்சலில் முனகினால் எழுந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிற கைக்கு, மண் வெட்டுகிற கூலிகூட இல்லை. கேட்டால், “தொண்டுதானே!” என்கிறோம்.

தொண்டு மனசுக்குத்தான் ஐயா, வயிற்றுக்கு இல்லை. அந்த உதவியாளர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் குறைத்துக் கொடுத்ததை, அவர் தம் பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுத்துத் தருகிறார்.

நடுவர் அவர்களே, சமைத்தவள்மேல் குற்றம் சொல்வதற்கு முன்னால், சாமானை அளந்து கொடுத்தவரைக் கேளுங்கள். தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வரும்.

 (நீண்ட கைதட்டல்)