மாசியிலேயே வந்துவிடும் வசந்தம்
(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சின் தலைப்பைக் கேட்டதும் ஒரு நண்பர், "பம்பாயில் ஏது ஸார் வசந்தம்? ஸ்வெட்டரே போடாத ஊரில் குளிர் போனது எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான். நம் ஊரில் வசந்தம் உடம்புக்குத் தெரியாது. கண்ணுக்கும் காதுக்கும்தான் தெரியும். அதைப் பார்க்க மாதேரான் போக வேண்டாம், தாராவி போதும்.

சிரிக்கிறீர்கள். பாந்த்ரா–சயான் லிங்க் ரோடில், மித்தி நதிக்கரையில், மகாராஷ்டிரா நேச்சர் பார்க் என்று ஒன்று இருக்கிறது. சுமார் 37 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடு. 1983-இல் பறவை ஆராய்ச்சியாளர் டாக்டர் சாலிம் அலி அங்கே முதல் மரக்கன்றை நட்டார். 1994 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று பூங்காவைத் திறந்தார்கள். மாதுங்காவில் இருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

மாசி மாதம் ஒரு காலை நேரத்தில் அங்கே நிதானமாக நடந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது பூ அல்ல, சருகு. புங்க மரமும் அரச மரமும் பழைய இலையைக் கொட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அரசங்கிளையில் செம்பு நிறத்தில் மெல்லிய தளிர்கள் மினுமினுக்கும். தளிர் ஏன் பச்சையாக இல்லை? பச்சையம் இன்னும் முழுதாக ஊறவில்லை. அதுவரை ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது. மாந்தளிரிலும் இதே கதைதான்.

முள்ளிலவ மரம்தான் எனக்கு ஆச்சரியம். மராத்தியில் சாவர் என்பார்கள். ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கும் மரத்தில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்கள்! மைனா, காக்கை, தேன்சிட்டு, அணில் எல்லாம் அங்கே ஆஜர். மழை நின்று நாலு மாதம் ஆன பிறகு பூக்கத் தண்ணீர் ஏது? இலையை உதிர்த்துவிட்டால் ஆவியாகிப் போகும் நீர் மிச்சம். அடிமரத்தில் சேர்ந்ததும் வேர் ஆழத்திலிருந்து இழுப்பதும் பூவுக்குப் போகிறது. இலை மறைக்காததால் பறவைக்குத் தூரத்திலிருந்தே பூ தெரிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறக்கும். ஜூனில் மழை வந்து முளைக்க வைக்கும். எந்தப் பட்ஜெட் அதிகாரியும் இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

பலாசமும் இப்படித்தான், வெறுங்கிளையில் ஆரஞ்சு நெருப்பாகப் பூக்கும். பூணூல் கல்யாணத்தில் பையன் கையில் பலாச தண்டம் கொடுக்கிறோம். அந்த மரத்தைப் பூவோடு அவனுக்குக் காட்டியவர்கள் குறைவு.

காதுக்கு வருவோம். செம்பூரில் பால்கனிக்கு எதிரே மரம் இருந்தாலே போதும். பாத்திரக் கடையில் செம்பு தட்டுவதுபோல "டுக், டுக், டுக்" என்று விடாமல் கேட்கும். குக்குறுவான், குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை, நெற்றியில் குங்குமம் வைத்தாற்போல் சிவப்பு. 2011-இல் மும்பையின் நகரப் பறவையாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடவே குயிலும் கூவத் தொடங்கும். கூவுவது கறுப்பு ஆண்குயில். கவிஞர்கள் பெண் என்று எழுதினால் எழுதிக்கொள்ளட்டும்.

இவ்வளவும் நடக்கும்போது சங்கல்பத்தில் நாம் சொல்வது சிசிர ருது! பஞ்சாங்கப்படி வசந்தம் சித்திரை பிறந்த பிறகுதான். பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவதால், அயன சலனம் காரணமாகச் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது. மேகநாத் சாகா தலைமையிலான குழு இதைச் சரிசெய்து தந்த தேசியக் காலண்டர் 1957 மார்ச் 22 முதல் அமலில் இருக்கிறது. அரசு கெஜட்டில் அச்சாகிறது. வீட்டுச் சுவரில் யாரும் மாட்டவில்லை. சங்கல்பத்தை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் வழியாக ஒருமுறை பாருங்கள் என்கிறேன், அவ்வளவே.

"முன்னெல்லாம் இவ்வளவு சீக்கிரம் பூக்காது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எந்த வருஷம், எந்தத் தேதி என்று கேட்டால் பதில் கிடையாது. ஜப்பானில் கியோட்டோ நகரத்து செர்ரிப் பூ பற்றி 1,200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் தங்கள் டைரியில் போகிற போக்கில் எழுதி வைத்தவை. 2021-இல் மார்ச் 26 அன்று அங்கே முழுப் பூப்பு. அத்தனை நூற்றாண்டுகளில் இவ்வளவு முன்னதாக வந்ததில்லை என்று விஞ்ஞானிகள் சொன்னது அந்த டைரிகளை வைத்துத்தான்.

நம் தேசத்திலும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிக் குழந்தைகளும் பெரியவர்களும் வாரம் ஒருமுறை ஒரே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் நிலவரத்தைப் பதிவு செய்கிறார்கள். ரிடையர் ஆனவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் பால்கனியிலிருந்தே செய்யலாம். டெல்லி அங்கத்தினர்களுக்கு இலவு, பெங்களூர்க்காரர்களுக்கு ரோஜா நிற டபூபியா, சென்னையில் வேம்பு. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கும் மாமிகள், முதல் பூ விழுந்த தேதியைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்தால் போதும். வருஷம் முடிந்ததும் அந்தக் காலண்டரை மட்டும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள்.