ஒளிர்வதெல்லாம் சைகையா?



மின்மினி தன் உடலில் நிகழும் வேதிவினையால் தானே ஒளியை உண்டாக்குகிறது. வேறு சில உயிர்களோ தம்மீது விழும் புறஊதாக் கதிரை உள்வாங்கி, நம் கண்ணுக்குப் புலப்படும் நிறமாக அப்போதே வெளியிடுகின்றன. கதிர் நின்றால் ஒளியும் நின்றுவிடும். இதனையே உடனொளிர்தல் என்கிறோம்.

புறஊதா விளக்கின்கீழ்த் தேள் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. அதனாலேயே அது தன் இனத்திற்குச் சைகை செய்கிறது என்று நாம் முடிவுகட்டலாகாது. சைகை என்றால் அதனைக் காணும் கண் வேண்டும். கண்டபின் நடத்தையில் மாற்றமும் வேண்டும்.

இதற்குத் தக்க சான்று சிங்கப்பூரிலேயே கிடைத்தது. காஸ்மோபேசிஸ் அம்பிராட்டிக்கா என்னும் தாவும் சிலந்தியில், ஆணின் உடல் புறஊதாக் கதிரை எதிரொளிக்கும். பெண்ணின் வாயருகே உள்ள உணர்கால்களோ பச்சையாக உடனொளிரும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் புறஊதாக் கதிரை மட்டும் தடுத்துப் பார்த்தனர். பெண்ணின் பச்சை ஒளி மறைந்ததும் ஆண்கள் பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆணின் எதிரொளிப்பு மறைந்தபோது பெண்களும் அவ்வாறே நடந்துகொண்டன. 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் இவ்வாய்வு வெளிவந்தது.

‘ஒளிர்கிறது’ என்பது கண்ட செய்தி. ‘சைகை செய்கிறது’ என்பது சோதித்து அறிந்த முடிவு. கண்டதையும் அறிந்ததையும் ஒரே சொல்லால் குறித்தால் அறிவியலும் மயங்கும், தமிழும் மயங்கும். இவ்விரண்டையும் பிரித்து எழுத நம் வகுப்பறைகளில் பழகுவோமாக.