வீடுதோறும் ஒரு வாசகர் வட்டம்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே செய்து முடித்தனர். நமக்குத் தரப்பட்ட பொருள் ‘நண்பர்களின் வாசகர் வட்டம்’ என்பது. மாதம் ஒருமுறை உறுப்பினர் ஒருவர் வீட்டில் கூடி, ஒரு நூலைப் படித்து, அதைப் பற்றிப் பேசிக் கலையும் எளிய காரியம் அது. இவ்வளவு சிறிய காரியத்தைப் பற்றி இவ்வளவு பெரிய விழாவில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். நாம் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இருத்தல் முறையன்று என்பதால் இங்கு நிற்கின்றோம்.

சங்கம் தொடங்கிய நாளில், நம் பிள்ளைகள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிடாமல் காப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று அவர்கள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எனப் படித்து வெளிவருகின்றனர். சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்திலும், கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலிலும் காலை வேளையில் நம் பழைய மாணவர்களைக் காணும்போது ஆசிரியர் என்ற முறையில் உள்ளம் பூரிக்கின்றது. ஆயினும், “அண்மையில் என்ன நூல் படித்தாய், தம்பி?” என்று கேட்டால், “நைட் ஷிப்ட் சார், படிக்க எங்க நேரம்?” என்னும் விடையே பெரும்பாலும் வருகின்றது. கடைசித் தேர்வோடு நூலும் கையை விட்டுப் போய்விடுகின்றது.

அவர்கள் மீது நாம் குறை கூறவில்லை. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று, அதன் மேல் ஓவர்டைமும் பார்த்துவிட்டு வருபவன் தனியே அமர்ந்து நூலைப் பிரித்தால் உறக்கந்தான் வரும். உறக்கம் வராவிட்டால் கைப்பேசி வரும். தனியே படிக்க இயலாதவர்கள் கூடிப் படித்தல் வேண்டும். இது புதிய வழியன்று; நம் முன்னோர் நடந்து காட்டிய வழியேயாம்.

அயோத்திதாச பண்டிதரை நீவிர் அறிவீர். திருக்குறள் ஓலைச் சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று பண்டிதரே எழுதியுள்ளார். கந்தப்பன் ஆங்கிலேயர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். நம் வீடுகளில் ஏடு இருந்ததில்லை என்று சொல்வோருக்கு இந்தச் செய்தியே போதும். பண்டிதர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. 1914ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் அதனை நடத்தினார்.

அவ்விதழைப் படித்தவர்கள் யாவர்? கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள் நிலத்தடியில் ஷிப்ட் முறையில் உழைத்தனர். அவர்களிடையே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்தன. ஊர்தோறும் இருந்த வாசகர்கள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதி அனுப்ப, பண்டிதர் இதழிலேயே விடை எழுதினார். பண்டிதர் மறைந்த பின்னர், 1926ஆம் ஆண்டு முதல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை அந்தத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார்.

1999ஆம் ஆண்டில் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதற்குப் பெருந்துணையாக இருந்தவை தங்கவயல் பகுதித் தொண்டர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்த பழைய இதழ்களே. பெரிய நூலகங்கள் போற்றிக் காக்காததைத் தொழிலாளர் வீடுகள் காத்தன. அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அம்மக்கள் படித்த ஏடு இன்று நம் கையில் இருக்கின்றது. சிப்காட்டில் உழைக்கும் நம் தம்பிமார் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வீட்டில் கூடிப் படிக்கும் வழக்கம் பிறரிடத்தும் உண்டு. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் இல்லத்தில் நண்பர்கள் கூடிக் கம்பன் பாடல்களில் திளைத்தனர். அவ்வீட்டின் தொட்டிக்கட்டினை ஒட்டி அதற்கு ‘வட்டத்தொட்டி’ என்ற பெயர் வழங்கலாயிற்று. தமிழ் இலக்கிய வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. ஆயினும் அது ஒரு பெரிய மனிதரின் வீடு. ஏனையோர் அங்கே விருந்தினர். நாம் வேண்டுவது வீடு மாறி வீடு செல்லும் வட்டம்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1727ஆம் ஆண்டில், பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடும் ஒரு வட்டத்தை அமைத்தார். அவர் மெழுகுவத்தி செய்பவரின் மகன்; அச்சுத் தொழிலாளி. உடன் சேர்ந்தோருள் கண்ணாடி பதிப்பவர் ஒருவர், செருப்புத் தைப்பவர் ஒருவர், தச்சர் ஒருவர், நில அளவையாளர் ஒருவர். விவாதத்திற்குரிய வினாவை ஒரு வாரம் முன்னரே அறிவித்து விடுவர். அதற்கேற்பப் படித்து வருவர். ஒருவரையொருவர் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துப் பேசினால் சிறு தொகை அபராதம். அந்த வட்டத்திலிருந்தே 1731ஆம் ஆண்டில் சந்தா நூலகம் ஒன்று தோன்றிற்று. கைத்தொழில் செய்வோரால் இது இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, நம் அனுபவத்திற்கு வருகின்றோம்.

1990களின் நடுவில், ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், உடன் பணியாற்றிய நண்பர்கள் சிலரும் நாமுமாக எண்மர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் தொடங்கினோம். மாதம் ஒரு வீடு என்பது ஏற்பாடு. நான்கு மாதங்கள் நான்கு வீடுகளில் கூட்டம் நன்றாகவே நடந்தது. ஐந்தாம் மாதம் நம் முறை. அன்று காலனி என்றே அழைக்கப்பட்ட குடியிருப்பில் நம் வீடு இருந்தது. எம் அன்னையார் காலையிலேயே வாசல் தெளித்துக் கோலமிட்டார். பக்கத்து வீட்டில் பாய் வாங்கி விரித்தார். சுண்டல் செய்தார். எட்டுப் பேருக்கு எட்டு எவர்சில்வர் டம்ளர் புதிதாக வாங்கி வைத்தார்.

மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். நம்மையன்றி ஏழு பேர் வரவேண்டும்; வந்தவர் இருவர். மறுநாள் ஒருவர் தலைவலி என்றார். ஒருவர் வீட்டிற்கு உறவினர் வந்துவிட்டனராம். பின்னர், “இனிமேல் பள்ளிக்கூடத்திலேயே கூடுவோமே, பொதுவான இடமாக இருக்கும்” என்று ஒரு யோசனை எழுந்தது. நான்கு வீடுகளில் கூடியபோது எழாத யோசனை அது. அவ்வட்டம் அதன்பின் நீடிக்கவில்லை. எம் அன்னையார் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயன்படாத டம்ளர்களை எடுத்துப் பழந்துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார்.

பல ஆண்டுகள் கழித்து, இச்சங்கத்தின் இளைஞர்களே வந்து வற்புறுத்தியதால், மீண்டும் ஒரு வட்டம் தொடங்கினோம். ஒன்பது பேர். கம்பெனியில் பிட்டர் வேலை பார்ப்பவர் இருவர், மின் வாரியத்தில் ஒருவர், நியாயவிலைக் கடை விற்பனையாளர் ஒருவர், செவிலியர் ஒருவர், ஏனையோர் ஆசிரியர்களும் மாணவர்களும். இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். ஷிப்ட் காரணமாக எப்போதும் இருவர் வர இயலாது. வந்தவரை வைத்து நடத்துவோம். ஒரே ஒரு படி இருந்தாலும் போதும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்பர்.

உரக்கப் படித்ததால் நாம் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. எழுத்தறியாத தாய்மார்கள் முதலில் அடுப்படியில் நின்று கேட்டனர். பின்னர் கதவருகே வந்தனர். ஐந்தாறு மாதங்களில் பாயிலேயே வந்து அமர்ந்துவிட்டனர். பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தால் இது நடந்திராது. பாமாவின் ‘கருக்கு’ படிக்கப்பட்ட நாளில், நூலில் இல்லாத செய்திகளை அத்தாய்மார்களே நமக்குக் கூறினர்.

ஒருமுறை இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ என்னும் நாவலை எடுத்துக்கொண்டோம். 1994ஆம் ஆண்டில் வெளிவந்த நூல். நம் மக்களுக்குத் துணி வெளுத்து, இரவில் வீடுவீடாகச் சோறு வாங்கி உண்ணும் ஒரு குடும்பத்தின் கதை அது. அதில் வரும் ஆரோக்கியத்தைத் தாழ்த்தி நடத்துவோர் வேறெவரும் அல்லர், தாழ்த்தப்பட்டோராகிய நாமே. படித்து முடித்ததும் வீட்டுக்காரரின் முதிய தாயார் வாய் திறந்தார்: “நம்ம தெருவுல துணி வெளுத்தாளே ஒரு அம்மா, அவளை ஒருநாளாச்சும் உள்ள கூப்புட்டு உக்கார வெச்சிருக்கமா?” எவரும் விடை கூறவில்லை. நமக்குப் பரண்மேல் இருந்த டம்ளர்கள் நினைவுக்கு வந்தன.

அந்த அம்மையாரின் பேரன் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை வட்டத்தில் சேர அழைத்தோம். அவர் தயங்கி, “எங்க வீட்டுக்கும் வருவீங்களா, சார்?” என்று கேட்டார். அக்கேள்வியை ஒரு காலத்தில் நாம் நம் நண்பர்களிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் துணிவில்லாமல் இருந்துவிட்டோம். அவர் வீட்டு முறை வந்தபோது, நம் உறுப்பினர்களுள் இருவர் வரவில்லை. ஒருவருக்கு உடல்நலம் இல்லையாம். ஒருவருக்கு வெளியூர்ப் பயணமாம். அதே காரணங்கள், இம்முறை அவற்றைக் கூறியவர்கள் நம்மவர்கள். ஏனையோர் சென்றோம், பாயில் அமர்ந்தோம், தேநீர் அருந்தினோம், நூலைப் படித்தோம். வராத இருவருள் ஒருவர் மூன்று மாதம் கழித்துத் தாமே அவ்வீட்டிற்குச் சென்று பேசிவிட்டு வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை. நாம் காத்திருக்கின்றோம்.

வீட்டில் கூடுங்கள் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். சாதி மேடையில் குடியிருக்கவில்லை. மேடையில் எல்லோரும் அதனை எதிர்த்தே பேசுகின்றனர். அது வாசற்படியிலும் தண்ணீர்ச் செம்பிலும் குடியிருக்கின்றது. அங்கே சென்று படித்தால்தான் படித்தது நம்மிடம் ஒட்டியதா என்று தெரியும்.

வட்டம் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை போதும். கிளை நூலகத்தில் உறுப்பினராகிப் புத்தகம் எடுங்கள். விலைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அடுத்த மாதத்து வினாவை இந்த மாதமே சொல்லி விடுங்கள். தேநீருக்கு மேல் எதுவும் வைக்க வேண்டா; ஏழை வீட்டிற்கு அது சுமையாகும். தேநீரை ஆண்கள் போடட்டும். பெண்கள் அமர்ந்து பேசட்டும். அறை சிறிதெனின் வாசலில் பாய் விரியுங்கள். எக்காரணங்கொண்டும் ஒருவர் வீட்டு முறையைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

முதல் நூலாக அண்ணல் அம்பேத்கரின் சாதி ஒழிப்பு பற்றிய நூலைக் கொள்ளலாம். 1936ஆம் ஆண்டில் லாகூர் மாநாட்டிற்காக அவர் எழுதிய தலைமையுரை அது. அழைத்தவர்கள் உரையின் கருத்துகளுக்கு அஞ்சினர், மாநாடே கைவிடப்பட்டது. அண்ணல் அதனைத் தம் செலவில் அச்சிட்டார். அவ்வாண்டிலேயே பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் அதன் தமிழாக்கமும் வெளிவரத் தொடங்கிற்று. மேடை மறுக்கப்பட்ட அவ்வுரை அச்சின் வழியே வீடு வீடாகச் சென்றது.

அந்த அண்ணலுக்கும் ஒரு நூலைக் கையில் கொடுத்தவர் ஓர் ஆசிரியர்தாம். 1907ஆம் ஆண்டில் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அந்நூல் அவரை எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது என்பதை நாடறியும். அத்தகைய பேறு நமக்கு வாய்க்கவில்லை. எனினும், நூலோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது எவருக்கும் இயலும்.

எம் அன்னையார் இன்று இல்லை. அந்த டம்ளர்களைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். வரும் இரண்டாம் ஞாயிறு கூட்டம் நம் வீட்டில். வருவோர் எண்ணிக்கை எட்டைத் தாண்டினால் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொள்வோம்; வாருங்கள்.