கூலியும் நீதியும்



வெள்ளிவிழா நாளில் கூலியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். நம் முன்னோருள் பெரும்பாலோர் கூலி கொண்டே வாழ்ந்தனர். அக்கூலியின் நீதியை ஆராயாத கல்வி நமக்கு நிறைவான கல்வியாகாது.

உழைப்பவன் தன் கூலிக்கு ஈடான மதிப்பைப் படைத்த பின்னரும் தொடர்ந்து உழைக்கிறான். அம்மிகுதி உழைப்பின் பயன் உடைமையாளனைச் சேர்கிறது. இதனைக் காரல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்கினார். ஆகவே சுரண்டல் என்பது தனியொருவனின் குணக்கேடு மட்டுமன்று. இரக்கமுள்ள முதலாளியிடத்தும் அது நிகழும். பண்டிகைக்கு வேட்டி கொடுப்பதனால் ஆண்டுக் கணக்கு நேராகிவிடாது. ஈகை வேறு, நீதி வேறு.

கொள்ளிடத்திற்குத் தெற்கே, பழைய தஞ்சை மாவட்டத்தில், பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் அவர்களைச் சங்கமாகத் திரட்டிப் போராடிய பின்னரே அக்கொடுமைகள் ஒடுங்கின. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆயினும், நாடு விடுதலை பெற்று 21 ஆண்டுகள் கழிந்தபின், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். ஆட்சி மாறியது, நிலமும் அதிகாரமும் இருந்த கையிலேயே இருந்தன.

இதனை வெறும் கூலித் தகராறு என்போர் சாதியை மறைக்கின்றனர். வெறும் சாதிப் பகை என்போர் கூலியை மறைக்கின்றனர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, உழைப்பாளிகளையே பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக்காட்டினார். ஒரே வயலில் நின்று ஒரே வெயிலில் காய்வோரும் ஒன்றுகூட இயலாதிருப்பது உடைமையாளர்க்கே ஆதாயம்.

நம் பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. இவ்விடங்களில் நிலம் யாருடையது, நிரந்தரப் பணி யாருக்கு, ஒப்பந்தக் கூலி யாருக்கு என்று நாம் கேட்டறிதல் வேண்டும். மாலை வகுப்புகளில் பாடத்தோடு கூலிக் கணக்கும் தொழிலாளர் சட்டமும் கற்பிப்போம். பிற சாதி உழைப்பாளிகளோடு, தன்மானம் குன்றாமல், சமமாய் நின்று கைகோப்போம்.

நம் பெற்றோர் கைநாட்டு வைத்த இடத்தில் இன்று நாம் கையொப்பம் இடுகிறோம். அத்தாளைப் படித்து, கணக்குப் பார்த்து, அதன் பின்னரே இடுவோமாக.