கழுவும் முன் கல்லை அறிவோம்

தருமபுரி மாவட்டம் கனிமங்களுக்குப் பெயர்போன மண். அரூர் வட்டாரத்தில் வெள்ளை வெளேரென ஓடும் குவார்ட்ஸ் கோடுகளுக்குள் மாலிப்டினைட் கிடைக்கிறது. மாலிப்டினம் என்ற உலோகத்தின் தாது அது. ஒகேனக்கல் பக்கத்தில் கால்சைட் நிறைந்த கார்பனடைட் பாறை இருக்கிறது. அதன் வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கற்களை ஆசையோடு சேர்த்து அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனிமத் துண்டுகள் பெரிதும் பாழாவது தூசியால் அல்ல, அதைப் போக்க நாம் எடுக்கும் அவசர முயற்சியால். என்ன கனிமம் என்று தெரியாமல் எதையும் கழுவக் கூடாது.

இதற்குச் சான்று கனிமங்களின் கடினத்தன்மையிலேயே இருக்கிறது. 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோல் ஒன்றிலிருந்து பத்து வரை செல்கிறது. குவார்ட்ஸ் அதில் 7, கால்சைட் 3, மாலிப்டினைட் 1 முதல் 1.5 வரைதான். நம் விரல் நகமே ஏறக்குறைய 2.5. ஆகவே மாலிப்டினைட்டை நகத்தால் கீறிவிடலாம். தொட்டாலே வழுவழுப்பாக இருக்கும், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். பல் துலக்கும் பிரஷ் பட்டால் அதன் மெல்லிய தகடுகள் பெயர்ந்து வந்துவிடும். காக்காப்பொன்னும் அப்படித்தான் ஏடு ஏடாக உரியும். தெருப்புழுதியில் குவார்ட்ஸ் துகளும் கலந்திருக்கும். அதனால் காய்ந்த துணியால் கால்சைட்டைத் துடைத்தால், தூசியே அதன் மேல் கீறல் போடும்.

கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கிடந்த கல்லுக்குத் தண்ணீரால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கூர்மை கெடாத படிகங்கள் பாறைக்குள் மூடிக்கிடந்ததால்தான் பிழைத்தன. வெளியே மழையில் கிடந்தவை முனை மழுங்கிப்போயின. கல்லுப்பு தண்ணீரில் கரைந்தே போகும். ஜிப்சமும் சிறிது கரையும். பைரைட்டில் ஈரம் தங்கினால் அது மெல்லச் சிதைந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். பக்கத்திலுள்ள கனிமங்களையும், கீழே வைத்த பெயர்ச்சீட்டையும்கூட அது அரித்துவிடும்.

வியாபாரிகள் ஆசிட் ஊற்றித்தானே பளபளக்க வைக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். தனிக் குவார்ட்ஸ் அந்த ஆசிட்டைத் தாங்கும், உண்மை. ஆனால் நம் கையிலுள்ள துண்டில் குவார்ட்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி? கூடவே கால்சைட் ஒட்டியிருந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்ட இடம் நுரைத்து, பளபளத்த முகம் மங்கிச் சொரசொரப்பாகிவிடும். பிறகு அதை மீட்க வழியில்லை. விரிசலுக்குள் இறங்கிய ஆசிட் கழுவிய பின்னும் தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். கழிப்பறை ஆசிட்டின் புகை மூச்சுக்கும் கண்ணுக்கும் கேடு. துருக்கறை போக்கும் ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் இவற்றுக்கு இடமே கூடாது.

கறையோடு வைத்தால் அழகு கெடுமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. கறையாகத் தெரிவதே கனிமமாக இருக்கலாம். மாலிப்டினைட்டின் ஓரத்தில் மாவு போன்ற மஞ்சள் படலம் சில நேரம் படிந்திருக்கும். ஃபெர்ரிமாலிப்டைட் என்ற தனிக் கனிமம் அது. மாலிப்டினைட் காற்றிலும் நீரிலும் சிதையும்போது இரும்போடு சேர்ந்து உருவாவது. தாது தேடுபவர்களுக்கு அந்த மஞ்சளே வழிகாட்டி. அதை அழுக்கென்று தேய்த்தெடுத்தால் அந்தக் கல்லின் வரலாற்றில் ஒரு பகுதி போய்விடும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வெள்ளைத் தாள் விரித்த தட்டில் கல்லை வைத்து, உருப்பெருக்கியால் நன்றாகப் பாருங்கள். கேமரா துடைக்கும் ரப்பர் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். போகாவிட்டால் மென்மையான ஓவியத் தூரிகையால், அழுத்தாமல், ஒரே திசையில் தள்ளுங்கள். நார் நாராக இருக்கும் கனிமத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை ஊதவோ தேய்க்கவோ கூடாது, மூடிய பெட்டியில் வைத்துவிடுங்கள். குவார்ட்ஸ்தான் என்று உறுதியானால் மட்டும் அறை வெப்பத்திலுள்ள சுத்தமான நீரில் அலசி, நிழலில் முழுதும் உலர்த்துங்கள். மற்றவற்றுக்கு, முதலில் கண்ணுக்குப் படாத பின்பக்கத்தில் ஒரு துளி நீர் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் அந்தத் துண்டைக் கல்லூரிப் புவியியல் துறையில் காட்டிக் கேளுங்கள். அதுவரை தூசியோடே இருக்கட்டும். தூசியை என்று வேண்டுமானாலும் நீக்கலாம், கரைந்துபோன முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.