சுருக்குப்பை மாதிரி ஒரு வேட்டி

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், வேட்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் அண்ணனுக்கு வயது 74. இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. வலது கைப்பிடிதான் திரும்பவில்லை. வாழ்நாள் முழுக்க வேட்டி கட்டிய மனிதர். இன்னொருவர் கட்டிவிட வேண்டும் என்றதும் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். எலாஸ்டிக் வைத்த பேண்ட் வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார். ஒட்டும் பட்டை வைத்த வேட்டியும் வாங்கினோம். ஒரு கையால் இழுத்தால் அது தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்துத் திரும்ப ஒட்ட அவருக்குப் பொறுமை இல்லை.

போன வருடம் ஏப்ரலில், "சேர்வராயன் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் இருக்குடா. ஆனா யாரும் கட்டிவிட்ட வேட்டியோட போகமாட்டேன்" என்றார். அங்கே மே மாதத்தில்தான் திருவிழா. எனக்குக் கிடைத்தது நாலு வாரம்.

வழி கிடைத்தது ஸ்காட்லாந்திலிருந்து. நம்ம ஏற்காட்டில் காபி பயிரிட வைத்த சேலம் கலெக்டர் காக்பர்ன் ஸ்காட்லாந்துக்காரர் என்று எங்கோ படித்தேன். அப்படியே அந்த ஊர் உடையான கில்ட்டைப் பற்றிப் படிக்கப் போனேன். இன்றைக்குப் படத்தில் பார்க்கிற தைத்த கில்ட் பிற்காலத்தது. பழைய கில்ட் நம் வேட்டி போலத் தைக்காத ஒரே துணி, கம்பளியில் நாலைந்து கஜ நீளம். நம் எட்டு முழமும் முழத்துக்கு 18 அங்குலம் வைத்தால் சரியாக நாலு கஜம்தான்! அந்த மலைக்காரர்கள் அதைத் தரையில் விரித்து, கையாலேயே கொசுவம் வைத்து, மேலே படுத்து, சுற்றிப் பெல்ட் போட்டுக்கொண்டு எழுவார்களாம். 1746இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டு அந்த உடையையே தடை செய்தது. 1782இல்தான் தடை நீங்கியது.

எனக்கு வேண்டியிருந்தது வேறு விஷயம். அப்படிப்பட்ட சில பழைய துணிகளில் உட்புறம் வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள் தைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள் கயிறு ஓடும். கயிற்றை இழுத்தால் கொசுவம் தானாக வந்து சேரும். தரையில் படுக்க வேண்டியதில்லை. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையும் இதே வேலையைத்தானே செய்தது!

கணக்குப் போட்டேன். எட்டு முழத்தை இரண்டாக மடித்தால் 72 அங்குலம். அண்ணன் இடுப்பு 36. உள்ளே போகிற முனையிலிருந்து 30 அங்குலம் சும்மா சுற்றிவர. அடுத்த 24 அங்குலத்தில் நாலு அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு வளையம். இழுத்தால் அந்த 24 சுருங்கி 6 ஆகும். முப்பதும் ஆறும் முப்பத்தாறு, இடுப்புக்குச் சரி. மீதி 18 அங்குலம் முன்னால் மூடிச் செருக. ட்ரையல் பேலன்ஸ் டாலியான நாள் மாதிரி ஒரு சந்தோஷம்.

முதலில் நைலான் கயிறு போட்டேன். வழுக்கிக்கொண்டே போனது. என் மனைவி சிரித்துக்கொண்டே பாவாடை நாடாவை எடுத்துக் கொடுத்தாள். வளையமும் அதே நாடாத் துண்டுதான். மேல் கரையிலிருந்து இரண்டு அங்குலம் கீழே தைத்து, ஊக்கில் மாட்டிக் கோக்க வேண்டும். சும்மா சுற்றிவருகிற 30 அங்குலத்திலும் மூன்று வளையம் வையுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தொங்கிவிடும். கரை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்; நம் வயதில் தடுக்கி விழுவதுதான் பெரிய செலவு.

முடிச்சுதான் கடைசிச் சிக்கல். ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. இறுகிவிட்டால் பாத்ரூமுக்கு அவசரமாகப் போகும்போது அவிழ்க்கவும் முடியாது. பேரனின் பழைய ஜெர்க்கினில் அழுத்தினால் விடும் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று இருந்தது. நாடாவின் இரண்டு முனையையும் அதற்குள் விட்டேன். அழுத்தி இழுத்தால் இறுகும். அழுத்திக்கொண்டே தள்ளினால் தளரும். இடது கை ஒன்றே போதும்.

ஒரு எச்சரிக்கை. மெல்லிய கயிறு வேண்டாம், அகலமான நாடாவே போடுங்கள், தழும்பு விழுகிற அளவுக்கு இறுக்காதீர்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் புற்றுநோய் வருவதை பம்பாய் டாக்டர் கனோல்கர் 1945இலேயே எழுதியிருக்கிறார். தோலில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இது பெண்களின் பாவாடை நாடாவுக்கும் பொருந்தும்.

முதல் நாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணன், "ஏன்டா, எனக்குப் பாவாடை தைச்சிருக்கியா?" என்றார். மறுநாள் காலை அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். இருபது நிமிடம் கழித்துத் திறந்தார். கொசுவம் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. நான் சரி செய்யப் போகவில்லை.

திருவிழாக் கூட்டத்துக்கு முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை மலையேறினோம். சேர்வராயன் கோயில் இருப்பது 5,326 அடி உயரத்தில். மேலே விரிந்த சமவெளி, மறைப்பு எதுவும் இல்லை. காற்று அடித்த அடியில் என் வேட்டி அவிழ்ந்து, ஒரு கையால் அதையும் இன்னொரு கையால் தேங்காய்ப் பையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயில் ஒரு குகை. சேர்வராயரையும் காவேரி அம்மனையும் பார்க்கக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அண்ணன் இடது கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, எனக்கு முன்னால் போனார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "முதல்ல உனக்கு ஒண்ணு தைச்சுக்கோடா" என்றார்.

தைத்துக்கொண்டேன். இன்று கட்டியிருப்பது அதுதான். யாருக்காவது வேண்டுமென்றால் வேட்டி, மூன்று மீட்டர் பாவாடை நாடா, ஒரு ஊக்கு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். பொத்தான் என்னிடம் ஒரு டஜன் இருக்கிறது.